நான் சொல்லாமல் விட்ட பெயர்

முதலில் முகம் வீங்கியது. எனக்கு அது நோய் என்று தெரியவில்லை. அழகு கூடுகிறது என்று நினைத்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒட்டின கன்னம். அந்த மாசி மாதம் காலையில் எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் இரண்டு கன்னமும் நிரம்பியிருக்கும். கண் மடல் கொஞ்சம் தடித்திருக்கும். மத்தியானம் ஆக அந்த வீக்கம் வடிந்து கால்களுக்கு இறங்கிவிடும். கால்களை யார் பார்க்கப் போகிறார்கள்? முகம் நிரம்பியிருக்கும் நேரமாகப் பார்த்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்த தர்சி அதைக் கவனித்தாள்.

"அக்கா, உன்ர முகம் நல்லா வந்திருக்கு. என்ன தின்னுறாய்? எனக்குத் தெரியாமல் ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?"

"காத்துத்தான் தின்னுறன். நீயும் வாயைத் திறந்துகொண்டு படு."

அவள் வாயை ஆவென்று திறந்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் பாலியல் தொழில் செய்தவள். எனக்கு இருபத்தெட்டு வயது. தர்சிக்கு இருபத்து நான்கு. அவள் பெயரை மாற்றியிருக்கிறேன். நான் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம், மீன்பிடிக் குடும்பம். அவள் மல்லாவிப் பக்கம், வயல் செய்கிற குடும்பம். வவுனியாவில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரிக்கும் எங்கள் அம்மாமாருக்கும் நாங்கள் கார்மென்ட்ஸில் வேலை. ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று இதில் எழுதப் போவதில்லை. அதை வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு எங்காவது போய் வாசிக்கலாம். இதே வேலை செய்துகொண்டு, இதே போல முகத்துக்கு எதையாவது பூசிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

இப்போது எல்லாம் போனில்தான். முதலில் படம் அனுப்ப வேண்டும். படம் பிடித்தால் வருவார்கள். வந்து வாசலில் நின்று, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "படத்தில வெள்ளை. நேரில என்ன இப்பிடி?" என்று கேட்டுவிட்டு ஒருவன் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனான். போனால் போகட்டும் என்று முதல் தரம் சொல்லலாம். ஒரு கிழமையில் மூன்று பேர் அப்படித் திரும்பினால் சொல்ல முடியாது. பிறகு, யாரும் வராத நேரத்திலும் வாசலில் நிற்கிறவனின் கண்ணால்தான் உங்களைப் பார்ப்பீர்கள். பல்லுத் தீட்டும்போதும் அந்தக் கண். சோறு தின்னும்போதும் அந்தக் கண்.

தர்சிக்கு இது என்னைவிட மோசம். அவளுக்குக் கழுத்திலிருந்து தோள் வரை சண்டையில் செல் (எறிகணை) துண்டு பட்ட தழும்பு. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "நீ இயக்கமோ?" என்று கேட்பார்கள். சண்டை முடிந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. அவர்களுக்குக் கணக்குப் பார்க்கவும் தெரியாது. அவள் ஒரு நாளில் எத்தனை தரம் போன் கமராவைத் திருப்பித் தன் முகத்தைப் பார்ப்பாள் என்று நான் எண்ண முயன்று விட்டுவிட்டேன். ஆட்களுக்கு முன்னால் சாப்பிட மாட்டாள். மெல்லும்போது முகம் கோணலாகிறதாம்.

கிரீமைக் கொண்டு வந்தது நான். இதைத் தெளிவாக எழுத வேண்டும். முகம் வீங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஃபான்சிக் கடையில் வாங்கினேன். சின்ன வெள்ளை டப்பா, தங்க நிற மூடி, எந்த நாட்டில் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. "பத்து நாளில பாருங்கோ" என்றான் கடைக்காரன். அதோடு பார்மசியில் தோல் வருத்தத்துக்கு விற்கிற ஒரு டியூபையும் சேர்த்து, மாஜரின் டப்பாவில் போட்டுக் கரண்டிக் காம்பால் கலக்குவேன். மத்தியானம் குளித்துவிட்டுப் பூசிக்கொண்டு ஃபானுக்குக் கீழே இருப்போம். பத்து நாளில் நிறம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. வாசலில் நின்று திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள். தர்சி முகத்துக்குப் பூசியது காணாதென்று தழும்புக்கு மேல் தடிப்பாக அப்பினாள்.

சித்திரையில் சிறுநீர் நுரைக்கத் தொடங்கியது. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினதுபோல. தண்ணீர் விட்டாலும் நுரை போகாது.

எங்கள் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் எது வந்தாலும் ஒரே ஒரு நோய்தான். தலை இடித்தாலும் அதுதான், தடிமன் (சளி) வந்தாலும் அதுதான். இரண்டு பேரும் பஸ் ஏறி, ஓமந்தை தாண்டி, எங்களை யாருக்கும் தெரியாத வேறு மாவட்டத்துக்குப் போனோம். அங்கே பாலியல் நோய்க் கிளினிக்கில் இரத்தம் கொடுத்தேன். எச்ஐவி (எயிட்ஸை உண்டாக்கும் கிருமி), சிபிலிஸ் (மேகநோய்) இரண்டுக்கும் பார்த்தார்கள். முடிவை வாங்கப் போன அன்று அங்கிருந்த மிஸ்ஸி (தாதி) மெதுவாகச் சொன்னா: "ஒண்டும் இல்லை தங்கச்சி. பயப்பிடாமல் போங்கோ."

பஸ் நிலையத்தில் ஐஸ்கிரீம் குடித்தோம். தர்சி கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு, "எங்கட அக்கா கிளியர்! சுத்தத் தங்கம்!" என்றாள். பக்கத்தில் இருந்த கிழவர் தங்க விலை ஏறிவிட்டதோ என்று கேட்டார்.

அந்தக் கிளினிக்கில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். நுரையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நோய் இல்லையென்றால் எனக்கு எந்த நோயும் இல்லை என்று நினைத்தேன். நான்கு மாதத்தில் மூன்று தரம் போனேன். மூன்று தரமும் கிளியர். மூன்று தரமும் சந்தோஷமாக வந்து கிரீமைப் பூசினேன்.

அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அதோடு உடம்பு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எங்களுக்கும் ஈரல் இருக்கிறது. சிறுநீரகம் இருக்கிறது. மற்ற மனிசருக்கு வருகிற எல்லாம் எங்களுக்கும் வரும்.

ஆவணியில் கால் சப்பாத்துக்குள் போகவில்லை. வயிற்றில் தண்ணீர் கோர்த்தது. படுத்தால் மூச்சு விட முடியவில்லை. தர்சி ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் என்னைக் காப்பாற்றினார்கள், அது போதும். அம்மாவுக்கு அறிவித்துவிட்டு, அம்மா வருவதற்கு முன் தர்சி போய்விட்டாள்.

நோயின் பெயர் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போவது). புரதம் ஒழுகினால் தண்ணீர் இரத்தத்தில் நிற்காது. வெளியே கசிந்து முகத்திலும் காலிலும் வயிற்றிலும் தேங்கும். நான் படம் எடுத்து அனுப்பிய கன்னம் அதுதான்.

பயொப்ஸி செய்தார்கள் (முதுகுப் பக்கத்தால் ஊசி விட்டு, சிறுநீரகத்தில் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது). எதனால் வந்தது என்று பிடிபடவில்லை. டொக்டர் ஒரு இளம் பெண். "என்ன மருந்து பாவிக்கிறனீங்கள்?" என்று முதல் நாளே கேட்டா. "ஒண்டும் இல்லை" என்றேன். கிரீம் மருந்து இல்லைத்தானே. அதுவும் கைப்பையில் இருந்தது. ஒவ்வொரு நாளும் டொக்டர்மார் சுற்றி வருவதற்கு முன் குளியலறைக்குப் போய் அதைத்தான் பூசிக்கொண்டு வந்து படுத்தேன். பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே எனக்கு நானே நஞ்சு வைத்தேன்.

பதினோராம் நாள் டொக்டர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. முகம் வெள்ளை, விரல் மொளிகள் கறுப்பு. அம்மாவைப் பார்த்து, "அம்மா, பிள்ளைக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வாறீங்களோ?" என்று அனுப்பினா.

"முகத்துக்கு என்ன பூசுறனீங்கள்?"

"பவுடர்."

"நீங்கள் என்ன வேலை செய்தாலும் எனக்கு ஒண்டுமில்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்ன பூசினனீங்கள் எண்டது மட்டும் எனக்கு வேணும்."

கைப்பையைத் திறந்து டப்பாவைக் கொடுத்தேன். டொக்டர் மூடியைத் திறந்து பார்த்தா. இந்தக் கிரீம்களில் பாதரசம் (காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் இருக்கும் வெள்ளி நிறப் பொருள்) கலப்பார்கள் என்றும், அது தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும் சொன்னா. நேரத்தோடு நிற்பாட்டினால் கனபேருக்குக் குணமாகும் என்றும் சொன்னா. பிறகு கேட்டா:

"வேறை ஆரும் இதைப் பூசுறவையோ? உங்களோட இருக்கிற ஆக்கள்?"

அம்மா பிளேன்ரீயோடு (பால் விடாத தேநீர்) வோர்ட் வாசலில் நின்றா. சூடு தாங்காமல் கிளாசைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தா. தர்சியின் பெயரைச் சொன்னால் அவளைக் கூப்பிடுவார்கள். தர்சியின் வாயை எனக்குத் தெரியும். இரண்டு கேள்வியில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

"இல்லை டொக்டர். நான் மட்டும்தான்."

இதை நான் வேறு விதமாக எழுதப் பார்த்தேன். வேறு விதம் இல்லை.

அன்று பின்னேரமே தர்சிக்குப் போன் எடுத்தேன். "கிரீமை எறி. அதுதான் என்னை இப்பிடிப் படுத்தது" என்றேன்.

"உனக்கு ஒத்துவரேல்லை, எனக்கு ஒத்துவருது."

"விசர்க் கதை கதையாதை. சிறுநீரகம் போயிடும்."

"நீ வெள்ளையாகி முடிஞ்சுது. இப்ப எனக்குப் புத்தி சொல்லுறாய் என்ன?" என்று சிரித்துக்கொண்டு கட் பண்ணினாள்.

ஸ்டீரொய்ட் மாத்திரை (உடம்பின் எதிர்ப்பைக் குறைத்து வீக்கத்தை அடக்கும் மருந்து) தந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் அம்மாவோடு இருந்தேன். சிறுநீரில் நுரை குறைந்தது. கால் சுருங்கிப் பழையபடி எலும்பு தெரிந்தது. ஒவ்வொரு கிழமையும் தர்சி படம் அனுப்புவாள். ஒவ்வொரு படத்திலும் அவள் கன்னம் நிரம்பிக்கொண்டு வந்தது. நான் வற்ற வற்ற அவள் ஊறிக்கொண்டிருந்தாள். அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்த ஆள் இந்த வன்னியில் ஒருத்தி என்றால் அது நான்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுதினேன். "போனனான். கிளியர்!" என்று பதில் வந்தது. கீழே ஒரு ஐஸ்கிரீம் கப்பின் படம். எங்கே போயிருக்கிறாள் என்று விளங்கியது.

ஏன் உடனே பஸ் ஏறவில்லை என்று கேட்பீர்கள். ஸ்டீரொய்ட் மாத்திரையால் என் முகம் பூசணிக்காய் போல உருண்டிருந்தது. மேலுதட்டில் முடி வளர்ந்திருந்தது. அந்த முகத்தோடு ரவுணில் (பட்டணத்தில்) இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். முகம் வடியட்டும், பிறகு போகலாம் என்று நாளை நாளை என்று தள்ளினேன்.

ஐப்பசி முடிவில் அவளே போன் எடுத்தாள். "அக்கா, இடது கால் மட்டும் வீங்கிக் கிடக்கு. ஊண்ட ஏலாமல் கிடக்கு" என்றாள். அன்றைக்கு முகத்தை ஒரு சால்வையால் மூடிக்கொண்டு போனேன். எனக்கு வந்ததைவிடப் பெரிய வீக்கம். கண் இரண்டும் கோடு. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறம்" என்றாள். ஓட்டோவில் போகும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதே வோர்ட். அதே டொக்டர். தர்சியின் பையிலிருந்து அதே தங்க நிற மூடி வெளியே வந்தது. டொக்டர் டப்பாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"எப்ப தொடக்கம்?"

"என்னோடதான் தொடங்கினவ."

"நான் உங்களைக் கேட்டனான் எல்லோ?"

"ஓம் டொக்டர்."

அவ தர்சியின் காலைப் பார்க்கக் குனிந்தா. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சிறுநீரில் புரதம் ஒழுகும்போது, இரத்தம் கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும் பொருளும் சேர்ந்தே ஒழுகிப் போகும். தர்சியின் இடது கால் நாளத்தில் இரத்தக் கட்டி. அது பெரிதாகாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடமெல்லாம் நீலமாகியது. அவள் கால் நோவைப் பற்றிக் கதைக்கவில்லை. நீலத்தைப் பற்றித்தான் கதைத்தாள்.

"அக்கா, இந்த நீலம் மாறுமோ?"

"மாறும்."

"வீக்கம் வடிஞ்சால் கன்னம் பழையபடி ஒட்டிப் போகுமோ?"

"போகும்."

"நிறம்?"

"அதுவும் போகும்."

போன் கமராவைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். "அப்ப என்னத்துக்கு வடியுது?" என்றாள்.

மூன்றாம் நாள் மனநல டொக்டர் வந்தார். "எனக்கென்ன விசரோ?" என்று என்னை முறைத்தாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அரை மணித்தியாலம் பொறுமையாகக் கதைத்தார். உங்கள் முகத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டார். "படம் எடுத்துப் பாத்திட்டுச் சொல்லுறன் டொக்டர்" என்றாள். அவரும் சிரித்தார். நாளைக்கு வருகிறேன், படத்தோடு இருங்கள் என்றார். அவர் போன பிறகு தர்சி, "நல்ல மனிசன். வாசலில நிண்டு பாக்கேல்லை, இருந்து பாத்தவர்" என்றாள்.

நாலாம் நாள் காலை, டொக்டர்மார் வருவதற்கு முன் முகம் கழுவ வேண்டும் என்றாள். நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்றேன். "கண்ணாடி வேணும்" என்றாள். என் தோளில் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு நொண்டி நொண்டி வந்தாள். கழுவினாள். துவாயைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது, "அக்கா, மூச்சு" என்றாள். அப்படியே என் மேல் சரிந்தாள்.

கட்டி காலிலிருந்து கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருந்தது. முக்கால் மணித்தியாலம் நெஞ்சை அமத்தினார்கள். நான் ஈரத் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிற்பாடு மனநல டொக்டர் என்னைத்தான் வந்து பார்த்தார். தர்சிக்கு இருந்தது உடல் தோற்றக் கோளாறாக இருக்கலாம் என்றார் (சின்னக் குறையை, சில வேளை இல்லாத குறையை, மனம் பெரிதாகக் கண்டு அதிலேயே நிற்பது). அதற்கும் மருத்துவம் இருக்கிறதாம். அவளுக்குக் கோளாறு என்றால், வாசலில் நின்ற நாய்களுக்கு என்ன கோளாறு என்று கேட்டேன்.

செத்த வீட்டுக்கு மல்லாவிக்குப் போனேன், கார்மென்ட்ஸில் கூட வேலை செய்தவளாக. சவப்பெட்டிக்காரர்கள் அவள் முகத்துக்கு வெள்ளையாகப் பூசி, கன்னத்தில் சிவப்பும் தடவியிருந்தார்கள். கழுத்துத் தழும்பு தெரியாமல் சேலையை மேலே இழுத்து விட்டிருந்தார்கள். வந்த பெண்கள், "என்ன வடிவாக் கிடக்கிறாள் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்து, "நீதானே மோனை கடைசியாக் கொண்டு போய் மறிச்சனீ" என்றா. மறிச்சனீ என்றால், ஆஸ்பத்திரியில் சேர்த்தாய் என்ற அர்த்தத்தில் சொன்னா. நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு மூன்று மாதம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. வீட்டுக் கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அம்மாதான் என்னை மனநலக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனா. மனச்சோர்வு (கவலை ஒரு நோயாகவே உடம்பில் தங்கிவிடுவது) என்றார்கள். மாத்திரையும் எடுக்கிறேன், மாதம் ஒரு தரம் போய்க் கதைக்கவும் செய்கிறேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நானே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கஞ்சி ஆறுது" என்றா. இந்த இரண்டு சொல்லுக்குப் பயந்துதான் ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டேன்.

தொழிலை விட்டுவிட்டேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். இப்போது செய்யவில்லை. இனிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லை. நான் சொல்ல வந்தது அது இல்லை. எழுத்து இல்லாத டப்பாவைத் தோலில் வைக்காதீர்கள். சிறுநீரில் நுரை கண்டால், முகம் காலையில் வீங்கினால், சாதாரண டொக்டரிடம் போய்ச் சிறுநீரைக் காட்டுங்கள். உங்களிடம் "வேறை ஆரும்?" என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஆள் கோபிக்கட்டும். உயிரோடு இருந்து கோபிக்கட்டும்.

என் நிறம் பழையபடி வந்துவிட்டது. நெற்றியில் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கிறது. போன மாதம் டொக்டர், "சிறுநீரில புரதம் கொஞ்சமும் இல்லை. சிறுநீரகம் ரெண்டும் நல்லா வேலை செய்யுது" என்றா. வெளியே யாரும் பார்க்காத இரண்டு உறுப்பு. முன்பு எனக்கு உடம்பு என்றால் கண்ணாடியில் தெரிகிறது மட்டும்தான். இப்போது முதுகில், விலா எலும்புக்குக் கீழே, அவை இரண்டும் சத்தமில்லாமல் வேலை செய்கிறதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அவை குணமானது அந்த இரண்டு மாதத்தில். நான் அம்மாவோடு இருந்து கஞ்சி குடித்த இரண்டு மாதம். தர்சிக்கு முகம் வீங்கிக்கொண்டிருந்த அதே இரண்டு மாதம். எனக்கு இன்னும் அது முடியவில்லை. நாட்காட்டியில்தான் முடிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தர்சியின் அம்மா போன் எடுப்பா. வயலில் தண்ணீர் நிற்கிறதா, பன்றி வந்ததா என்று கொஞ்சம் கதைப்பா. பிறகு குரல் மாறும்.

"உனக்கும் அதே வருத்தம்தானே வந்தது மோனை. இப்ப எப்பிடி? சுகமோ?"

"ஓம் அம்மா. சுகம்."

"நல்லாச் சுகமோ? எனக்கு மறைக்காமல் சொல்லு."

"நல்லாச் சுகம் அம்மா."

இது பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.